தாத்தா என்றால் அக்கா

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. எல்லோரும் "தாத்தா" என்றார்கள். கடைசியில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கண்டியில், கூட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற ஒழுங்கை ஒன்றில் ஒரு சின்னத் தனியார் வைத்தியசாலை இருந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. முதல் நாள் அங்கே வாங்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சந்திரிகா. நாங்கள் இரண்டு பேரும் குண்டசாலையில் ஒரே அறையில் இருந்து ஒரே கார்மென்டில் வேலை செய்தவர்கள். உள்ளேயிருந்து யாரோ, "தாத்தா, அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார்கள். ஒரு கிழவர் வருவார் என்று பார்த்தேன். வந்தது ஐம்பது வயதுப் பெண். குட்டை. முக்காட்டை இறுக்கி இழுத்து ஊசி குத்தியிருந்தார். வாயில் ஒரு கராம்பை அதக்கியிருந்தார். காலில் செருப்பில்லை.

"இவுங்களையா தாத்தாங்கிறாங்க? மீசையக் காணமே" என்றேன். மெதுவாகப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு லைனில் நாற்பது மெஷின் ஓடும்போது கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை இது.

சந்திரிகா சிங்களத்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "எங்கட முஸ்லிம் ஆக்கள் அக்காவத்தான் தாத்தா என்டு செல்ற. உங்களுக்கு அது அம்மாட வாப்பா. இந்தத் தங்கச்சிக்கு அவட வாப்பா. உங்களுக்கு என்ன வருதோ அதக் கூப்பிடுங்க, மகள். என்ன கூப்பிட்டாலும் நான் வருவேன்" என்றார். உடனேயே குரலை மாற்றி, "வயித்துல ஒன்டும் இல்லையே? பொய் செல்லக் கூடாது. பொய் சென்னா வாந்தி செல்லிக் குடுத்திரும்" என்றார்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

என் தம்பி வவுனியாவில் ஒரு கடையில் வேலை செய்தான். அடையாள அட்டையிலும் வவுனியா விலாசம்தான், அந்த நாட்களில் சந்தேகப்பட அதுவே போதும். ஹேவாஹெட்டைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வந்தான். அவனோடு போக நானும் கூட்ஷெட்டுக்கு வந்தேன். பகல் பதினொரு மணி. நல்ல சனம். பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தான். சிவில் உடுப்பில் மூன்று பேர் வந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். அவன் கையைப் பிடித்தார்கள். ஒருவன் என் பக்கம் திரும்பி, "மெயா ஒயாகே கவுத?" என்றான். இவன் உனக்கு யார்?

"தன்னே நே" என்றேன். தெரியாது என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். பாதி வடை இன்னும் கையில் இருந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எனக்குப் பத்து வயது. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மா தேயிலைக்குள் ஓடினார். ஓடும்போதே என்னிடம், "யாரு புடிச்சிக் கேட்டாலும் எங்களத் தெரியாதுன்னு சொல்லிரு. நீயாச்சும் பொழச்சிக்க" என்றார். அன்றைக்கு யாரும் என்னைப் பிடிக்கவில்லை. அந்தப் பதில் செலவாகாமல் இருபது வருடத்துக்கு மேல் வாய்க்குள் கிடந்திருக்கிறது. கூட்ஷெட்டில் வெளியே வந்துவிட்டது.

நான் கூட்ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது தம்பி அங்கே இல்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். எங்கேயும் முறைப்பாடு கொடுக்கவில்லை. கொடுத்தால் "நீ எங்கே நின்றாய்" என்று கேட்பார்கள். நின்றேன் என்றால், "அப்போது என்ன சொன்னாய்" என்று கேட்பார்கள். அவனை ஏற்றியதைப் பார்த்து, அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்காததால் கடதாசியில் அவன் காணாமல்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கை எழவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் துணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். குளிக்கவில்லை. தலை வாரவில்லை. என் வாய்க்குப் பயந்த பெண்களெல்லாம் எனக்காக அழுதார்கள். இரண்டு தடவை செத்துப்போகப் பார்த்தேன். எப்படி என்று எழுத மாட்டேன். இரண்டு தடவையும் சந்திரிகாதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்கில் மனச்சோர்வு என்று கொப்பியில் எழுதி, குளிசையை மாற்றி மாற்றித் தந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே என்னைப் பார்த்த சிங்கள டாக்டர் பின்னேரங்களில் இந்த ஒழுங்கைக்கும் வருவார். என்னைப் பணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார்.

அவர் உடைந்த தமிழில் சொன்னார். "இது கெட்டமின். சண்டைக் காயம் வெட்டும்போது மயக்கிற மருந்து. கொஞ்சமா, மெதுவா சேலைனில் ஏத்தினா, சில பேருக்கு மனசு சுருக்கா லேசாகுது. எல்லாருக்கும் இல்ல. லேசானாலும் சில நாள்தான் நிக்கும். அந்த நாள்ல நீங்கதான் ஏதாச்சும் செய்யணும். குளிசையும் நிப்பாட்ட வேணாம், பேசுறதும் நிப்பாட்ட வேணாம்."

பேசுவதா? யாரிடம், எதை என்று நினைத்தேன்.

கிழமைக்கு இரண்டு தடவையாக மூன்று கிழமை. கையில் ஊசியைக் குத்தி, சேலைனை ஓடவிட்டு, டாக்டர் மேசைக்குப் போய்விடுவார். பிரஷரையும் மூச்சையும் மெஷின் பார்க்கும். மெஷினை அவர் பார்ப்பார். என்னைப் பார்க்கிறது தாத்தாவின் வேலை. இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரை. தாத்தா அதில் உட்கார்ந்தால் சேலைன் முடியும் வரைக்கும் எழும்ப மாட்டார். மருந்துக்குள் போனவர்களுக்குச் செருப்புச் சத்தம் குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்குமாம். அதனால்தான் வெறுங்கால். என்னைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்குவார். காலைச் சாரத்துணியால் போர்த்தி, பஸ் ஸ்டாண்டுப் பக்க ஜன்னலைச் சாத்துவார். "இப்பக் கூர மேல போற மாதிரி இரிக்கும். பயப்பட வேணாம். கூரய நான் புடிச்சிக்கிறேன்" என்பார். எல்லோருக்கும் அதே வார்த்தைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலத்தான் இருக்கும்.

கூரை உண்மையாகவே போனது. உடம்பு கட்டிலில் கிடந்தது, நான் வேறு எங்கேயோ இருந்தேன். ஜன்னலைச் சாத்தியும் கண்டக்டர்களின் சத்தம் வந்தது. "ஹேவாஹெட்ட, ஹேவாஹெட்ட" என்பது ரப்பர் மாதிரி இழுபட்டு நீண்டுகொண்டே போனது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. கண்ணைத் திறக்கும்போது கராம்பு மணமும் சூடான ஒரு கையும்தான் முதலில் தெரியும். பிறகு இஞ்சிப் பிளேன்டீ. பிஸ்கட் இரண்டுதான். மூன்றாவது கேட்டால், "இது கலியாண வீடா?" என்பார்.

அவரை ஒரு அவ்லியாவாக, மகானாக ஆக்க எனக்கு விருப்பமில்லை. பிஸ்கட்டில் கஞ்சம். ஒழுங்கைக்குள் திரும்புகிற த்ரீவீல்காரர்களோடு தினமும் சண்டை. ஊர் வம்பு எல்லாம் அவருக்குத் தெரியும். யாருடைய மகள் யாரோடு போனாள் என்பதைக் கேட்காமலே சொல்வார். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்தவர்கள் உளறியதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அந்த நாட்களில் தமிழில் உளறுவதே ஆபத்து. உளறலில் ஒரு பெயர் வந்தால் போதும்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அரைவாசி தெளிந்து கிடக்கும்போது, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். தானாகக் கேள்வி கேட்கிற அளவுக்கு எனக்கு உயிர் வந்திருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரி தியேட்டர்ல கூட்டித் துடைக்கிற வேலதான் எனக்கு. சண்டையில அடிபட்ட புள்ளைகள லொறியில கொண்டு வருவாங்க. இதே மருந்துதான் குடுப்பாங்க, இத விட மிச்சம் கூட. எழும்பக்கொள்ள ஒரே கத்து. ஒரு நாள் ஒரு ஆமிப் பொடியன், 'தாத்தே, தாத்தே' என்டு கத்துறான். நான் கொடியில துணி போடுறேன். ஊட்டுல என்ட தம்பிமாரும் அப்பிடித்தானே கூப்பிடுவாங்க. யோசிக்கல்ல. 'ஆவா, ஆவா', வந்துட்டேன் என்டுக்கிட்டே ஓடிப் பெய்த்து கையப் புடிச்சேன். புடிச்ச பொறகுதான் வெளங்குது, அவன் கூப்பிட்டது அவன்ட வாப்பாவ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவன் அடங்கிட்டான். கைய உட மாட்டேங்கிறான். இனி நான் உன்ட வாப்பா இல்ல என்டு செல்லவா?" என்று சிரித்தார். "அன்டைக்கிருந்து யார் கத்தினாலும், 'அந்தத் தாத்தாவக் கூட்டிட்டு வாங்க' என்டு என்னத்தான் தேடினாங்க. தொடப்பத்த வாங்கிட்டுக் கதிரையக் குடுத்தாங்க."

நானும் சிரித்தேன். அதற்கு முன் எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

நான்காவது தடவை போனபோது எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் உள்ளே இருந்தார். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி செத்த பிறகு சாப்பிடாமல் கிடந்தவரை மகன்தான் கூட்டிக்கொண்டு வருவார். நான் வெளியே வாங்கில் இருந்தேன். நடுவில் ஒரு திரைதான்.

"பரமேஸ்... பரமேஸ்..." பெரியவரின் குரல்.

"ஓம், இஞ்சதான் இருக்கிறன். சொல்லுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தாத்தாவின் குரல். ஆனால் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"கேற் பூட்டினனியோ?"

"ஓம், பூட்டிப்போட்டன். நீங்கள் படுங்கோ."

சேலைன் முடிந்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் பெரியவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "பிள்ளை, கனநாளைக்குப் பிறகு இண்டைக்குப் பசிக்குது" என்றார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்க்கையைக் கெடுத்ததே ஒரு பொய். இந்தப் பெண் கதிரையில் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் ஆளின் காதில் பொய் சொல்கிறார். அடுத்த நிமிஷம் இன்னொன்று உறைத்தது. நான் கட்டிலில் யாரைக் கூப்பிட்டிருப்பேன்? அதற்கு இவர் யாராக இருந்து பதில் சொல்லியிருப்பார்?

எழும்பி உள்ளே போனேன். தாத்தா விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"இப்பிடி எத்தன பேருக்குப் பொய் சொல்லியிருக்கீங்க?"

"எந்தப் பொய்?"

"அவரு பொண்டாட்டி செத்துப்போயிருச்சி. நீங்க கேட்டப் பூட்டிட்டேங்கிறீங்க."

"கேட்டு பூட்டித்தானே இரிக்கும். மகன் பூட்டாமயா வந்தீப்பார்?"

"வெளையாடாதீங்க. நான் யாரக் கூப்பிட்டேன்?"

தாத்தா விரிப்பின் மூலையைக் கட்டிலுக்கடியில் செருகினார். பிறகுதான் திரும்பினார். "தம்பி என்டு கூப்பிட்டீங்க. மொத நாள் நான் ஒன்டும் செல்லல்ல. நீங்களும் நிப்பாட்டல்ல. தொண்ட கிழியிற மாதிரி. பிரஷர் ஏறுது என்டு டாக்டர் ஊசிய நிப்பாட்டப் பார்த்தார். அதுக்குப் பொறகுதான், 'அக்கா, கேக்குது' என்டேன்."

"அவன் கொரல்ல மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களா? உங்களுக்கு யாரு அந்த உரிமயக் குடுத்தது?" நான் கத்தினேன். வெளியே சந்திரிகா எழும்பி நிற்பது திரையில் நிழலாகத் தெரிந்தது.

"அல்லாஹ்! மாப்புக் குடுக்க நான் யாரு, மகள்? கேக்குது என்டேன். எனக்குக் கேட்டது. அது பொய்யா?"

"அவன்கிட்ட நான் என்னா சொன்னேன்?"

"அது தம்பிக்கிட்ட சென்னது. எனக்கிட்டயா சென்னீங்க?"

அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்பது மெஷினையும் அதட்டி ஓட்டிய எனக்கு அந்தக் குட்டைப் பெண்ணின் வாயைத் திறக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு இன்னும் ஊசி குத்தவில்லை. மருந்து ஒரு சொட்டும் உடம்பில் ஏறவில்லை. ஜன்னலும் திறந்தே இருந்தது. கீழே ஹேவாஹெட்டை பஸ்ஸின் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.

"அந்த ஸ்டாண்டுலதான் தம்பியப் புடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன். யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

உங்கள் பிழை இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பேன். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்தார். என் கையைப் பிடித்தார்.

"கேக்குது, மகள்" என்றார்.

கட்டிலில் கிடந்தபோது அக்கா என்றவர் இப்போது மகள் என்றார். யாருக்காகவும் பேசாத, அவருடைய சொந்தக் குரல் அது. நான் அழுதேன். டாக்டர் எட்டிப் பார்த்தார். தாத்தா கையால் போகச் சொன்னார். டாக்டரும் போய்விட்டார்.

தாத்தா என் கையை விடாமலே, "உம்மாக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"எங்கயாச்சும் எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "அடுத்த வியாழக்கெழம எனக்கு லீவு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. "நாந்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் கல் பொறுக்கினார். நான் புறப்படும்போது, அலுமாரியிலிருந்து தம்பியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து என் பைக்குள் வைத்தார்.

ஆறு தடவையும் முடித்தேன். குணமாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் பொய். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அந்தக் கட்டிலுக்குப் போனேன். குளிசை இன்றைக்கும் இருக்கிறது. அந்த மருந்து என்னைக் கொஞ்ச நாள் எழும்பி நடக்க விட்டது. அந்தக் கொஞ்ச நாளில் நான் எங்கே நடந்தேன் என்பதுதான் எனக்குக் கணக்கு. தம்பி வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், கடைசியில் வருவான் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அந்த வியாழக்கிழமை காணாமல் போனவர்களுக்கு முறைப்பாடு எடுக்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மழை. தாத்தா ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் உள்ளே போகலாம் என்றான் வாசல் காவல்காரன். தாத்தா வெளி வாங்கில் உட்கார்ந்துவிட்டார். குடைத் தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது என்று அவன் சத்தம் போட, மழையைப் போய் ஏசு என்று இவர் திருப்பிச் சத்தம் போட, அதைக் கேட்டுக்கொண்டே நான் உள்ளே போனேன்.

மேசையில் ஒரு வயதான கிளார்க் இருந்தார். கெட்டவர் இல்லை. தம்பியின் பெயர், வயது, இடம், நேரம் எல்லாம் எழுதினார். பேனையை நிறுத்தி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எயா ஒயாகே கவுத?"

அதே கேள்வி. ஏறக்குறைய அதே சொற்கள். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"கேட்கவில்லை" என்றார் கிளார்க், சிங்களத்தில். "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."

கார்மென்ட் தொண்டையால் கத்தினேன்.

"அக்கா!"

கேட்டது அவன் யார் என்று, சொன்னது நான் யார் என்று. அந்தச் சொல் சிங்களத்திலும் அக்காதான். மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கிளார்க் குனிந்து எழுதத் தொடங்கினார்.

வெளியே வாங்கு கிறீச்சிட்டது. "ஓ, இரிக்கேன்! இந்தா வாறேன், மகள்!" என்று ஒரு குரல் கேட்டது. காவல்காரன் தடுப்பதும், குடை எதிலோ இடிபடுவதும் கேட்டன.

கிளார்க் பேனையை வைத்தார். "அது யார்?" என்றார்.

"தாத்தா" என்றேன்.

பாவம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அவர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். வாசலில், முக்காடு நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.